பெடல் கோட்டில் ஒரு பள்ளம்

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. உட்கார்ந்தால் கால் ஆடும், காலை அடக்கினால் விரல் தாளம் போடும். வேலை செய்யும் இடத்தில் எனக்கு வைத்திருக்கும் பெயர் அவசரம். முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். ஆனால் நான் ஷெட்டுக்குள் நுழையும்போது "அவசரம் வருது, வழி விடுங்கப்பா" என்று யாராவது முணுமுணுப்பது காதில் விழத்தான் செய்யும். இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலை என்ன தெரியுமா? நாளெல்லாம் ஒரு பேருந்தில் உட்கார்ந்துகொண்டு, கியர் மாறும்போது வண்டி குலுங்குகிறதா என்று பார்ப்பது.

பெரிய வண்டியில் கியர் மாறுவது, தூங்குகிற குழந்தையைக் கை மாற்றிக் கொடுப்பதுபோல. இந்தக் கை விட வேண்டும், அந்தக் கை வாங்க வேண்டும், நடுவில் குழந்தை விழித்துக்கொள்ளக் கூடாது. பழைய வண்டிகளில் இதை டிரைவர் பார்த்துக்கொண்டார். கிளட்சை மிதிப்பார், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பார், கியரைத் தள்ளுவார், மறுபடி பதமாக மிதிப்பார். எங்கள் புதுப் பேருந்தில் கிளட்ச் பெடலே கிடையாது. டிரைவர் ஆக்சிலரேட்டரில் காலை வைத்திருந்தால் போதும். எப்போது மாற்றுவது என்பதைக் கியர்பெட்டி முடிவு செய்யும். அந்த நேரத்தில் இழுவையை எவ்வளவு வேகமாகக் குறைப்பது, புது கியர் விழுந்ததும் எவ்வளவு வேகமாகத் திருப்பிக் கொடுப்பது என்பதை என்ஜினின் கணினி பார்த்துக்கொள்ளும். அந்தக் கணினிக்குள் இருக்கும் எண்கள் நான் போட்டவை. இழுவையைச் சட்டென்று விட்டால் நிற்பவர்கள் முன்னால் சாய்வார்கள். சட்டென்று கொடுத்தால் பின்னால் போய் விழுவார்கள். பயந்துகொண்டு மெதுவாகக் கொடுத்தால் மேட்டில் வண்டி மூச்சு வாங்கி நிற்கும்.

வண்டியை ஓட்டுபவர் என் கணவர்.

அதற்கு முன்னால் அவர் நெடுந்தூர லாரி ஓட்டினார். போனால் வாரக்கணக்கில் போவார். திரும்பி வரும்போது வீட்டில் விருந்தாளி மாதிரி எங்கே உட்காருவது என்று தெரியாமல் நிற்பார். மகள் அவரைப் பார்த்து என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட காலம் ஒன்று உண்டு. எங்கள் கம்பெனியில் சோதனை ஓட்டுநர் இடம் காலியானபோது நான்தான் அவரை இழுத்துக்கொண்டு வந்தேன். "காலைல போனா சாயங்காலம் வீடு. இதுக்கு மேல என்ன வேணும்?" என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், "சரி" என்றார். அவர் எதற்கும் சரி என்பார். என் நாத்தனார்கூட ஒருமுறை, "எங்கண்ணன் ஊமை இல்ல அண்ணி, நீங்க இடம் குடுத்தாத்தானே பேச" என்று வம்புக்கு இழுத்தாள். இழுக்கட்டும். எங்கள் வீட்டில் சண்டை கிடையாது. அக்கம்பக்கத்தில் தட்டு பறக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம், நான் கொடுத்து வைத்தவள் என்று நினைத்துக்கொள்வேன்.

வண்டிக்குள் அவர் என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவார். வேலை இடத்து மரியாதையாம். அதில் பாதி கிண்டல்.

"மேடம், இந்தத் தடவை எப்படி?"

"நீங்கதான் சொல்லணும். பத்துக்கு எவ்வளவு?"

"ஒன்பது குடுக்கலாம். டீ வாங்கித் தந்தா ஒன்பதரை."

அந்த வாரம் நாங்கள் அப்படித்தான் இருந்தோம். மேட்டிலும் சரி, சமதளத்திலும் சரி, கியர் மாறுவதே தெரியவில்லை. இருக்கைகளுக்கு நடுவே தரையில் ஒரு தண்ணீர் டம்ளரை வைத்திருந்தேன், அது அலுங்கவில்லை. கியர் மாற்றத்துக்கு ஆகும் நேரத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளிக் குறைத்துக்கொண்டே வந்திருந்தேன். யாரும் கேட்கவில்லை, எனக்கே பொறுக்காமல் செய்தது. வெள்ளிக்கிழமை நகரப் போக்குவரத்துக்காரர்கள் தங்கள் டிரைவரோடு வந்து ஓட்டிப் பார்ப்பார்கள். அவர்கள் தலையாட்டினால் இந்த எண்கள் எல்லாப் பேருந்துகளுக்கும் போய்விடும். எனக்குத் தலைகால் புரியவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் கணவருக்குப் பல்வலி. மருத்துவரிடம் போய்விட்டார். ஒரு மதியத்தை வீணாக்க எனக்கு மனம் வருமா? வண்டிகளை ஷெட்டுக்குள்ளும் வெளியிலும் நகர்த்தி நிறுத்தும் டிரைவர் ஒருவர் இருந்தார். பெடலில் கால் வைத்தால் எடுக்கவே மாட்டார் என்பதால் அவருக்குக் கல்லுக்கால் என்று பெயர். அவரைக் கூப்பிட்டு, "மேட்டுல ரெண்டு சுத்து, அவ்வளவுதான்" என்றேன்.

மேட்டில் ஏறி முதல் கியர் மாறியதும் தண்ணீர் டம்ளர் கவிழ்ந்தது. இரண்டாவதில் என் மடியிலிருந்த கணினி நழுவியது. மூன்றாவதில் நான் முன் கம்பியில் நெற்றியை இடித்துக்கொண்டேன்.

"வண்டி ஓட்டறீங்களா, மாவு இடிக்கறீங்களா?" என்று கத்தினேன்.

"நான் ஒண்ணுமே பண்ணலயே மேடம். கால வெச்சேன். வெச்ச எடத்துல இருக்கு. பாருங்க."

குனிந்து பார்த்தேன். அவர் சொன்னது உண்மைதான். தேய்ந்த செருப்புக்குள் அந்தக் கால் நட்டு வைத்த மாதிரி இருந்தது. திட்டிய வாயை மூடிக்கொண்டு, வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னேன்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கணினி எடுக்கும் பதிவில் நான்கு கோடுகள் ஓடும். என்ஜினின் சுற்று வேகம், இழுவை, கியர், டிரைவரின் கால். ஆரம்பத்தில் நான் நாலாவது கோட்டையும் பார்த்துக்கொண்டிருந்தேன். சோதனையின் முதல் பாடமே அதுதான், கால் அசையக் கூடாது. கால் அசையாமல் இருந்தால்தான் என்ஜின் செய்கிற வேலை தெரியும். ஆனால் கணவரின் கோடு எப்போதும் கயிறு கட்டியதுபோல நேராக இருந்தது. அவரும், "என்ன மேடம், என் காலயே பாத்துட்டு இருக்கீங்க, நெயில் பாலிஷ் போட்டு விடப் போறீங்களா?" என்று ஓட்டினார். சிரித்துக்கொண்டே அந்தக் கோட்டைத் திரையிலிருந்து எடுத்துவிட்டேன். கட்டின புருஷனின் காலைச் சந்தேகப்படுவதா?

இப்போது அதைத் திரும்பப் போட்டுப் பழைய ஓட்டங்களைப் பார்த்தேன். ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் சற்று முன்னால், பெடல் கோட்டில் ஒரு சின்னப் பள்ளம். கால் கொஞ்சம் எழும்புகிறது, கியர் மாறுகிறது, கால் மறுபடி மெல்ல இறங்குகிறது. பழைய வண்டியில் ஒரு நல்ல டிரைவர் செய்வதை அச்சு அசலாக அந்தக் கால் செய்துகொண்டிருந்தது. முதல் மாதத்தில் பள்ளம் இல்லை. பிறகு, இருக்கிறதா இல்லையா என்று கண்ணை இடுக்கிப் பார்க்கும் அளவுக்கு. நான் நேரத்தைக் கிள்ளக் கிள்ள, பள்ளம் ஆழமாகிக்கொண்டே வந்திருந்தது. என் எண்கள் முரடாக முரடாக அவர் கால் அதை மூடி மறைத்திருக்கிறது. நான் சாதித்ததாக நினைத்த வழவழப்பில் என்னுடையது ஒன்றுமே இல்லை.

இதைக் கண்டுபிடித்தவுடன் ஒரு நிமிஷம் உட்கார்ந்து யோசித்திருக்கலாம். எனக்குத்தான் உட்கார வராதே. ஓட்டமும் நடையுமாகப் போய் மேலாளரின் அறைக்கதவைத் தள்ளினேன். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஆறப்போடு. எதைக் கேட்டாலும் ஆறப்போட்டுப் பார்ப்போம் என்பார். நான் படபடவென்று கொட்டித் தீர்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டார்.

"அப்ப வெள்ளிக்கிழம வர டிரைவர் காலை எடுக்கலன்னா?"

"ஆள் விழுவாங்க, சார்."

"பஸ் ரோட்டுக்குப் போனப்புறம்?"

"தினமும் விழுவாங்க."

"நல்லவேள, இப்பவே பிடிச்ச. வெள்ளிக்கிழமைய நான் தள்ளிப் போட்டுக்கறேன்." கண்ணாடியை மறுபடி கழற்றினார். "ஆனா உன் வீட்டுக்காரர் மார்க்க இனிமே எப்படிம்மா நம்பறது? காலை அசைக்கற ஆள சோதனை வண்டில வெச்சுக்க முடியாது. சீட்டு ஒண்ணுதான் இருக்கு. கல்லுக்கால ஏத்திடலாம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் வாயாலேயே என் புருஷனின் வேலையைப் பறித்துக் கொடுத்திருந்தேன். இந்த சீட்டை விட்டால் அவருக்கு வேறு என்ன இருக்கிறது? மறுபடியும் லாரி. மறுபடியும் வாரக்கணக்கில் காத்திருப்பு, ஃபோன் அடித்தால் திக்கென்று எழுந்து உட்காருவது, மகளின் அந்த ஒளிந்துகொள்ளும் முகம்.

"ஒரு நாள் குடுங்க சார். நாளைக்கு ஒரு நாள். அவர் காலை நான் நிக்க வெக்கறேன்."

என் வாயிலிருந்து கெஞ்சல் வந்து அவர் பார்த்ததில்லை. "சரி, நாளைக்கு வரைக்கும் ஆறப்போடறேன்" என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவர் வீங்கிய கன்னத்தோடு உட்கார்ந்திருந்தார். வாயை முழுசாகத் திறக்க முடியாமல் கஞ்சியைக் கரண்டியால் ஊற்றிக்கொண்டிருந்தார். எப்படிச் சொல்வது? துவைத்த துணியை மடித்தேன், மடித்ததைக் கலைத்து மறுபடி மடித்தேன். அலமாரியைத் துடைத்தேன். மகள், "அம்மா, நீ நடக்கறதப் பாத்தா எனக்குத் தல சுத்துது" என்று புத்தகத்தை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்கவில்லை. எழுந்துபோய், நான் துடைத்துக்கொண்டிருந்த அலமாரியின் மேல்தட்டை, எனக்கு எட்டாத இடத்தை, அவர் துடைத்தார்.

மறுநாள் காலை, வண்டியைக் கிளப்பும் முன் சொன்னேன். கணினியைத் திருப்பிப் பள்ளங்களைக் காட்டினேன். பின்னால் கல்லுக்கால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். குலுக்கலை உடம்பில் வாங்கிச் சொல்ல ஒருவர் வேண்டுமென்று நான்தான் வரச் சொல்லியிருந்தேன்.

"நான் காலை எடுக்கலயே" என்றார் கணவர்.

"இது யார் கால்? பக்கத்து வீட்டுக்காரர் காலா?"

"சத்தியமா எனக்குத் தெரியல மேடம்."

"தெரியாம எப்படி? வேணும்னே பண்ணீங்களா? எனக்கு நல்ல பேர் வரணும்னு?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. வாயில் வந்ததை அள்ளி விட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வதில் நான் கெட்டிக்காரி. அவர் வண்டியைக் கிளப்பினார்.

முதல் சுற்றில் பள்ளம். "இப்பவும் எடுத்தீங்க" என்றேன். இரண்டாவது சுற்றில் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, காலையே உற்றுப் பார்த்து ஓட்டினார். நான் ரோட்டைப் பார்க்கச் சொல்லிக் கத்த வேண்டியதாயிற்று. அப்போதும் பள்ளம். மூன்றாவது சுற்றுக்கு முன்னால் கல்லுக்கால் எங்கிருந்தோ ஒரு மரக்கட்டையைக் கொண்டுவந்து, "மாப்ள, குதிகாலுக்கு அடியில இத வெச்சுப் பாரேன், கால் நிக்கும்" என்றார். கட்டையை வைத்தும் பார்த்தோம். குதிகால் நின்றது, விரல்கள் எழும்பின.

"என் கால் என் பேச்சக் கேக்க மாட்டேங்குது" என்றார் கணவர். பார்க்கவே பாவமாக இருந்தது. நான் பாவம் பார்க்கும் நிலையிலா இருந்தேன்?

"கேக்க வைங்க! எல்லாத்துக்கும் சரி சரின்னு சொல்லத் தெரியுதுல்ல? இந்த ஒண்ணு மட்டும் முடியாதா? இந்த சீட்டு போச்சுன்னா மறுபடி லாரிதான், தெரியுமா உங்களுக்கு?"

அவருக்குத் தெரியாது. அந்த நொடியில்தான் தெரிந்துகொண்டார். கல்லுக்கால் ஜன்னல் வழியாக வெளியே எதையோ ரொம்ப அக்கறையாகப் பார்த்தார்.

"நிறுத்துங்க, நான் எறங்கறேன். எனக்கு மூச்சு முட்டுது" என்றேன். கணினியை இருக்கையிலேயே விட்டுவிட்டுக் கதவைத் திறந்து மேட்டின் நடுவில் இறங்கினேன். "நீங்க சுத்திட்டு வாங்க. போங்க."

வண்டி போனது. சோதனைப் பாதையின் ஓரத்தில் குட்டிபோட்ட பூனை மாதிரி இங்கும் அங்கும் நடந்தேன். கண்ணில் நீர் வந்தது, அதன் மேலும் கோபம் வந்தது. கீழே திரும்பி, வண்டி மறுபடி மேட்டில் ஏறி வந்தது. என்னைத் தாண்டும் இடத்தில் கியர் மாறியது. பேருந்தின் பின்பக்கம் பொத்தென்று அமுங்கி எழும்பியது. ஜன்னலுக்குள் கல்லுக்கால் கம்பியைப் பிடித்தபடியே பின்னால் போய் முன்னால் வந்தார். இன்னும் மேலே போய் அடுத்த கியர். மறுபடி அதே குலுக்கல்.

நான் பின்னாலேயே ஓடினேன். மேட்டின் உச்சியில் வண்டி நின்றதும் ஏறி, மூச்சிரைக்கக் கணினியைத் திறந்தேன். பெடல் கோடு நேராக இருந்தது. ஒரு பள்ளம்கூட இல்லை.

"எப்படி?" என்றேன்.

"எப்பவும்போலத்தான் ஓட்டினேன்" என்றார் அவர்.

"கட்டைய வெச்சீங்களா?"

"இல்ல. அத அப்பவே தள்ளிட்டேன்."

மறுபடி நான் உட்கார்ந்து ஒரு சுற்று. பள்ளம் வந்துவிட்டது. நான் இறங்கி ஒரு சுற்று. பள்ளம் இல்லை. மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கல்லுக்கால்தான் முதலில் சிரித்தார். "மேடம், கோளாறு கால்ல இல்ல போலிருக்கே" என்றார்.

கணவர் சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு மேடம் போய்விட்டது, வீட்டுப் பேச்சு வந்தது.

"நீ மூச்சப் பிடிப்ப" என்றார்.

"என்னது?"

"கியர் மாறப் போறதுக்கு முன்னாடி நீ மூச்சப் பிடிப்ப. உனக்குத் திரையில முன்னாடியே தெரியும்ல. மூச்சப் பிடிச்சுட்டு உக்காந்திருப்ப. குலுங்குச்சுன்னா ச்சேன்னு ஒரு சத்தம். அப்புறம் அன்னிக்கு முழுக்க வீட்ல உன் முகத்தப் பாக்க முடியாது. நீ மூச்சப் பிடிச்சா..." அவர் தன் வலது காலைப் பார்த்தார். "அதுவா எழும்பிடுது போல."

நான் பேருந்தை அவருக்கு ஏற்றபடி பதப்படுத்திக்கொண்டிருந்தேன், அவர் தன்னை எனக்கு ஏற்றபடி பதப்படுத்திக்கொண்டிருந்தார். நடுவில் பேருந்துக்கு ஒரு வேலையும் இல்லை.

ஆறப்போடுவிடம் இருவருமாகப் போய்ச் சொன்னோம். அவர் ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப சீட்ட விட்டு எறங்க வேண்டியது அவர் இல்ல" என்றார். "நீ ஷெட்டுல உக்காந்து பதிவப் பாரு. வண்டிப் பக்கம் போகாத."

எனக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஷெட்டில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, என் ஆடும் கால். கணவர் ஓட்டிவிட்டு வருவார், பதிவைக் கொடுப்பார், மார்க் சொல்வார். முதல் நாள் பத்துக்கு மூன்று.

"மூணா?"

"மூணுகூட அதிகம்தான். ரெண்டரைன்னு சொல்ல நெனச்சேன்."

"நேத்து வரைக்கும் ஒன்பதுன்னீங்க!"

"நேத்து வரைக்கும் நீங்க பக்கத்துல இருந்தீங்க மேடம்."

கிள்ளி எடுத்த நேரத்தையெல்லாம் திருப்பிக் கொடுத்தேன். இழுவையைத் திருப்பித் தரும்போது ஆரம்பத்தில் மெதுவாக, கியரின் பற்கள் ஒன்றோடொன்று பொருந்திய பிறகு வேகமாக என்று இரண்டு கட்டமாகப் பிரித்தேன். மேட்டில் தனி எண்கள், நிற்கும் கூட்டத்தின் எடைக்குத் தனி எண்கள். மூன்று நாலானது, நாலு மறுபடி மூன்றானது, அன்றைக்கு நான் நாற்காலியை உதைத்தேன். பிறகு ஆறு, ஏழு. அவர் எட்டு என்று சொன்ன நாளில் நான் நம்பாமல் பெடல் கோட்டைப் பார்த்தேன். நேராக இருந்தது. அந்த எட்டு, பழைய ஒன்பதுகளைவிட எனக்கு இனித்தது. உண்மையைச் சொன்னால், அவர் வாயிலிருந்து எனக்குப் பிடிக்காத ஒரு எண்ணைக் கேட்கும் பழக்கமே எனக்கு அப்போதுதான் வந்தது. கோபம் வரும், ஆனால் அதில் ஏதோ ஒரு நிம்மதியும் இருந்தது.

தள்ளிப்போட்ட நாள் வந்தது. போக்குவரத்துக்காரர்களின் டிரைவர் ஓட்டினார், பத்துப் பன்னிரண்டு பேர் கம்பியைப் பிடிக்காமல் நின்றார்கள். நான் ஷெட் வாசலில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். வண்டி திரும்பி வந்ததும் அந்த டிரைவர் இறங்கி, "எப்ப கியர் மாறுச்சுன்னே தெரியல" என்றார். ஆறப்போடு என் கணவரின் தோளில் தட்டி, சீட்டு இனி உங்களுக்குத்தான், எத்தனை வருஷமானாலும், என்று எல்லார் முன்னாலும் சொன்னார்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் இன்னும் இருந்தது. மகள் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். காலையில் போட்டுவிட்டுப் போன பாத்திரங்களை நான் கழுவ ஆரம்பித்தேன். அவர் பின்னால் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்.

"இனிமே யாரும் உங்கள அந்த சீட்லேர்ந்து அசைக்க முடியாது" என்றேன். குழாய்ச் சத்தத்துக்கு மேலே சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. "சந்தோஷமா?"

பட்டாணி உரிக்கும் சத்தம் நின்றது. வழக்கமாக இந்த இடத்தில் அவர் என் முகத்தைப் பார்ப்பார். பார்த்துவிட்டுத்தான் பதில் வரும். இன்று என் முதுகுதான் அவருக்குத் தெரிந்தது. இது எனக்குப் புரிந்தபோது கழுத்து தானாகத் திரும்ப முயன்றது. நான் திரும்பவில்லை.

"இல்ல" என்றார்.

கையில் இருந்த பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். அது எப்போதோ சுத்தமாகிவிட்டது.

"அந்த ஒரே மேட்ட சுத்திச் சுத்தி வர எனக்கு முடியல. தெனமும் கெளம்பின எடத்துக்கே வந்து நிக்கறேன். எனக்கு லாங் ட்ரிப்தான் பிடிக்கும். அப்பவும் பிடிச்சுது. நீ கேட்டப்ப சரின்னு சொல்லிட்டேன், ஆனா எனக்கு அத விடணும்னு ஆசையே இல்ல. உங்க ரெண்டு பேரையும் விட்டுட்டு இருக்கணும்னு இல்ல. அது வேற. ஆனா ரோடு வேணும் எனக்கு."

இவ்வளவு பாடுபட்டு அவருக்கு நான் காப்பாற்றிக் கொடுத்தது, அவருக்கு வேண்டாத ஒன்றை. கோபமாக வந்தது. இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாய் துடித்தது, ஏன் சொல்லவில்லை என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது. அவர் போய்விடுவாரோ என்று பயமாக இருந்தது. திரும்பி ஒரு பார்வை பார்த்தால் போதும், "சும்மா சொன்னேன், விடு" என்று சொல்லிவிடுவார். பட்டாணியை உரிக்க ஆரம்பித்துவிடுவார். நாளைக்குக் காலையில் என்னோடு சேர்ந்து கிளம்பி வேலைக்கு வருவார். கடைசிவரை வருவார்.

"இன்னும் சொல்லுங்க" என்றேன், சுவரைப் பார்த்தபடி.

அவர் சொல்ல ஆரம்பித்தார். குரல் தாழ்வாக இருந்ததால், சரியாகக் கேட்கட்டும் என்று குழாயை மூடினேன்.